தப்பைச் சொல்லித்தரும் புத்தகம் எங்கே கிடைக்கும்?

முதலில் ஒரு பெருமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன் — எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் என் கையில் கொடுங்கள், மூன்று வரி படித்துவிட்டு அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவேன் என்று. எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. உங்களில் சிலர் பாராட்டிக்கூட எழுதினீர்கள். அந்தத் திமிர்தான் என் மனைவியின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

மல்லிகா, தேனி–போடி சாலையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பத்தி எழுத ஆரம்பிப்பதற்கு முன்பிருந்தே அவள் கணக்கு சொல்லித் தருகிறாள். மற்றவர்கள் அலறி ஓடுகிற கணக்கெல்லாம் அவளுக்குக் கீரை ஆய்வது மாதிரி. அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டிருந்த வாத்தியாருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. போய்விட்டார். தாளாளர் மல்லிகாவைக் கூப்பிட்டார்.

"மேடம், கணக்கும் கம்ப்யூட்டரும் அக்கா தங்கச்சி மாதிரித்தான? ப்ளஸ் ஒன்னுக்கு நீங்களே எடுத்துருங்க."

கூடவே ஒரு கண்டிஷன். பெற்றோர்கள் கேள்வி கேட்கிறார்களாம். அதனால் அவர் முன்னாலும் பெற்றோர்கள் சிலர் முன்னாலும் ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்ட வேண்டும். தலைப்பு, ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங். சரியாக வரவில்லை என்றால்?

"போடியில ஒரு தம்பி இருக்காப்ல. கணக்கு, கம்ப்யூட்டர் ரெண்டையும் தானே பாத்துக்கறேங்கிறாப்ல..."

அதோடு நிறுத்திக்கொண்டாராம். முடிக்காத வாக்கியத்துக்கு எத்தனை பல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்றால் என்ன என்கிறீர்களா? கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிற ஒரு முறை. அதில் ஆப்ஜெக்ட் என்று ஒன்று வருகிறது. அது என்ன என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

அன்றைக்கு எங்கள் வீட்டு சாம்பாரில் உப்பு இல்லை. மறுநாள் சாம்பாரில் முந்தின நாள் உப்பும் சேர்ந்து இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். கிரைண்டர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே 'பப்ளிக், பிரைவேட், புரொடெக்டட்' என்று ஒரு முணுமுணுப்பு கேட்கும். காலையில் பள்ளிக்கூட பஸ்ஸின் ஹாரன் கேட்டால் பாதியில் எழுந்துவிடுவாள். தட்டில் வைத்த இட்லி அப்படியே இருக்கும்.

"ஏங்க, கணக்குல எந்த எடத்துல கால் இடறும்னு எனக்குத் தெரியும். கண்ணக் கட்டிவிட்டாலும் நடந்துருவேன். இதுல எங்கன குழி இருக்குன்னே தெரியலையே. பிள்ளைக முன்னாடி விழுந்தேன்னு வைங்க... அப்பறம் கணக்குலயும் என்னைய நம்பாதுக."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடம் புரியவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா?

"நல்ல புத்தகம் ஒன்னு இருந்தாப் போதும் மல்லிகா. அத என்கிட்ட விடு" என்றேன்.

புத்தகம் படிக்கிறவனுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் தெரியும்.

தேனியில் கிடைப்பதெல்லாம் வெறும் கைடு என்று நானாக முடிவு கட்டி மதுரைக்கு ரயில் ஏறினேன். பெரிய கடை. ஒரு சுவர் முழுக்கக் கம்ப்யூட்டர் புத்தகங்கள். ஒவ்வொன்றாக எடுத்து என் மூன்று வரி பரீட்சையை வைத்தேன். எடுத்ததிலெல்லாம் நாய், பூனை. இந்தத் துறையில் முதல் அத்தியாயத்தில் ஒரு நாய் குரைத்தே ஆக வேண்டும் போலிருக்கிறது. நாயும் விலங்கு, பூனையும் விலங்கு என்கிறார்கள். எனக்கே புரிந்தது. எனக்கே புரிகிறது என்றால் அது எப்படி நல்ல கம்ப்யூட்டர் புத்தகமாக இருக்க முடியும்? ஒதுக்கிவிட்டேன்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. அடடா... என்ன நடை! மாறப்போகிற விஷயங்களை மாறாத விஷயங்களிலிருந்து எப்படிப் பிரித்து வைப்பது என்று ஒரு ஞானி மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போகிறார். நின்ற இடத்திலேயே நாலு பக்கம் படித்தேன். கண் கலங்கிவிட்டது. புரிந்ததா என்று கேட்காதீர்கள்.

மல்லிகா அதைப் படித்துவிட்டு மூடி வைத்தாள்.

"ஏங்க, இது வீடு கட்டி முடிச்சவுகளுக்கு வாஸ்து சொல்ற புத்தகம். எனக்கு இன்னும் செங்கல்லே கைக்கு வரல."

"நடையப் பாத்தியா?"

"பாத்தேன். அழகா எழுதியிருக்காரு. அதான் இன்னும் பயமா இருக்கு. இன்னொன்னு, எங்க பாடத்துல சி பிளஸ் பிளஸ். இது ஜாவா. ரெண்டும் வேற வேற மொழி."

"அதெப்படி? ரெண்டும் இங்கிலீஷ்லதான இருக்கு?"

அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பக்கம் போதாது.

இந்த நேரம் பார்த்து வந்து இறங்கினான் என் மச்சினன் தங்கபாண்டி. மல்லிகாவின் தம்பி. போடியில் ஏலக்காய் வியாபாரி. பாதி நாள் மலைக்கு மேலே கேரளாக்காரர்களோடு பழக்கம். அதனால் 'பயப்படாதே' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பேடிக்கண்டா' என்பான். மலையாளத்தில் சொன்னால் பயம் சீக்கிரம் இறங்கும் என்று ஒரு நினைப்பு.

"பேடிக்கண்டாக்கா. மாமாவுக்குச் சரக்குப் பாக்கத் தெரியல. புத்தகம் என்ன, ஏலக்கா என்ன? நெறம் இருக்கணும், பருமன் இருக்கணும், கனம் இருக்கணும். இந்த மூணும் இருந்தா யோசிக்காமத் தூக்கிரலாம்."

ஏலக்காய் ஏலத்தில் அப்படித்தான். சாம்பிளைத் தட்டில் கொட்டுவார்கள். காய் நல்ல பச்சையாக இருக்கிறதா, உருண்டு திரண்டு இருக்கிறதா, லிட்டர் அளவையில் நிரப்பி நிறுத்தால் எடை நிற்கிறதா... பார்த்த மாத்திரத்தில் தங்கபாண்டி சொல்லிவிடுவான். ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை. ஏலக்காயில்.

அவன் காரிலேயே மறுபடியும் மதுரை. அதே கடை. அந்தச் சுவரிலேயே நல்ல பச்சையாக இருந்த அட்டையை முதலில் பார்த்தான். பிறகு முதுகின் பருமனை விரலால் அளந்தான். உள்ளங்கையில் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினான். கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"முதல் ரகம் மாமா. எடை நிக்குது."

மூன்று வரியில் புத்தகத்தைக் கண்டுபிடிக்கிற நான் என்ன செய்தேன்? தலையாட்டினேன். கூடவே இன்னும் சிலதையும் அள்ளிப்போட்டேன். 'ஒரே வாரத்தில்' என்று அட்டையிலேயே சத்தியம் செய்த ஒன்று உட்பட. பயந்தவன் வாங்குகிற புத்தகம் எப்போதும் குண்டாகத்தான் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? படிப்பதற்காகவா வாங்குகிறோம்? உள்ளே துள்ளுகிற பயத்தின் மேல் ஏற்றி வைக்க ஒரு கனம் வேண்டியிருக்கிறது.

கட்டைப் பிரித்து மேஜையில் அடுக்கினோம். மல்லிகா திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. அடுக்கின் உச்சியையும் அடியையும் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இம்புட்டு இருக்கா?" என்றாள்.

ஒரு புத்தகத்தையும் திறக்காமல் அடுக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, "நான் தாளாளர்ட்ட முடியாதுன்னு சொல்லிர்றேங்க. வீட்டுல டியூஷன் எடுத்துக்கிறேன்" என்றாள்.

இத்தனை வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளின் குரல் இல்லை அது. எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. பயத்துக்கு மருந்து வாங்கப் போனவன், பயத்தையே கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து இறக்கியிருந்தேன்.

தங்கபாண்டிக்கும் முகம் செத்துவிட்டது. பச்சை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மூட்டை வாயப் பாத்து வாங்கிட்டோம் மாமா. நடுவுல கைய விட்டு ரெண்டு காய எடுத்துக் கடிச்சுப் பாத்திருக்கணும்."

"கடிச்சா மட்டும்? நம்ம ரெண்டு பேருக்கும் பல்லு இருக்கு மாப்ள. இந்தச் சரக்குக்கு நாக்கு ஏது?" என்றேன்.

மல்லிகா நிமிர்ந்தாள்.

"சாப்புடப் போறவ நான். மாமனும் மச்சினனும் ரயில்லயும் கார்லயும் ரெண்டு வாட்டி மதுரைக்குப் போனீகளே... என்னைய யாராச்சும் கடைக்குக் கூட்டிட்டுப் போனீகளா?"

தங்கபாண்டி 'பேடிக்கண்டா' என்றுகூடச் சொல்லவில்லை. போடிக்குப் போக நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டான்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவளே என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மதுரைக்கு இல்லை. தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், பாலிடெக்னிக் பிள்ளைகள் வந்து போகிற ஒரு சந்துக் கடை. மேற்கேயிருந்து சாரல் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. முதல் அத்தியாயத்தை, அந்த நாயை, திரும்பியே பார்க்கவில்லை. பள்ளி லேபில் அவளை ஒரு புரோகிராம் படுத்திக்கொண்டிருந்தது. அவள் எங்கேயும் 'பிரைவேட்' என்று எழுதவில்லை. கம்ப்யூட்டரோ, 'இது பிரைவேட், உள்ளே விட முடியாது' என்கிறது. ஏன்? அந்த ஒரு கேள்வியோடு மட்டும்தான் கடைக்குள் போயிருந்தாள். ஒவ்வொரு புத்தகத்திலும் அதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடுவாள். இருந்தால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிப்பாள். புரியவில்லையா, கீழே வைத்துவிடுவாள்.

கல்லாவிலிருந்த அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏந்தாயி, எடுக்கறாப்ல இருக்கீகளா? இல்ல கடையப் படிச்சு முடிச்சுட்டுத்தான் போவீகளா?"

"சந்தேகம் தீந்தா எடுக்கறேன் அண்ணாச்சி."

"எங்க கடையில புத்தகம்தாம்மா விக்கிறோம்."

நான் வாசலில் நின்று எங்கோ வேடிக்கை பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். மல்லிகாவுடையதுதான். எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! சாரலைப் பார்க்காமல் ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஓடினேன்.

அவள் கையில் ஒல்லியாக ஒரு புத்தகம். அட்டையில் ஒரு ரோபோ கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. வாங்கி மூன்று வரி படித்தேன். வரிக்கு ஒரு 'ஆகும்'. நடை என்று ஒன்று இல்லவே இல்லை, நொண்டல்தான். என் பரீட்சையில் முதல் வரியிலேயே பெயில். எழுதியவர் ஏதோ பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் போலிருக்கிறது.

"கடைசிப் பக்கத்துக்குப் போங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில."

போனேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் தப்பான புரோகிராம்கள். வேண்டுமென்றே தப்பாக எழுதி, இப்படி எழுதினால் கம்ப்யூட்டர் என்ன சொல்லித் திட்டும், ஏன் திட்டும், எதை மாற்றினால் வாயை மூடும் என்று வரிசையாகப் போட்டிருந்தார்.

"இந்த மனுசனும் விழுந்திருக்காருங்க" என்றாள் மல்லிகா. "ஒவ்வொரு குழியிலயும் விழுந்து எந்திரிச்சு, இங்கன குழி இருக்குன்னு கொடி நட்டு வச்சிருக்காரு."

அவளுடைய கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. 'பப்ளிக்' என்று நாமாகச் சொல்லித் திறந்து வைக்காத வரை, உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியதாகவே அர்த்தமாம். பிரைவேட் என்று தனியாக எழுத வேண்டியதே இல்லையாம்.

டெமோ நாள் வந்தது. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு கேட்டிலேயே நிற்கலாம் என்றிருந்தேன். தாளாளர் பார்த்துவிட்டார். கெட்ட நேரம், அவர் இந்தப் பத்தியின் வாசகர்.

"சார்! மூணு வரியில புத்தகத்தக் கண்டுபிடிக்கிறவுகல்ல நீங்க? வாங்க, வாங்க. என் பக்கத்துல உக்காருங்க."

உட்கார்ந்தேன். வகுப்பின் பின்வரிசையில், பெற்றோர்களுக்கு நடுவில். மல்லிகா ஆரம்பித்தாள். முதல் வரியையே இரண்டு தடவை அழித்து அடித்தாள். தாளாளர் அடிக்கொருதரம் என் காதுப் பக்கம் குனிந்தார்.

"மேடம் சரியாத்தான சொல்றாக?"

நான் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன். ஒரு வார்த்தை புரியவில்லை. அவருக்கும் புரியவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

புரோகிராமை அடித்து முடித்து ஓட விட்டாள். திரையில் சிவப்பு வரிகள். எர்ரர்!

ஒரு பெற்றோரின் நாற்காலி கிறீச்சிட்டது. தாளாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். என் கண் முன்னால் போடித் தம்பி லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்... பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், நீங்க பிரைவேட்னு எழுதவே இல்லையே. அப்பறம் ஏன் பிரைவேட்னு வருது?"

மல்லிகா பேசவில்லை. திரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பேசவில்லை. நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்து, பக்கத்து ஊர் சாமிகளுக்குப் போய்விட்டேன்.

"நல்லாக் கேட்ட" என்றாள் மல்லிகா கடைசியில். "யாராச்சும் சொல்லுங்க பாப்பம். ஏன்?"

சலசலப்பு. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முன் பெஞ்சிலிருந்து இன்னொரு பெண் தயங்கித் தயங்கி, "பப்ளிக்னு நீங்க தொறந்து விடலைல மிஸ்? அதனாலயா?" என்றாள்.

மல்லிகாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்து மறுபடி ஓட விட்டாள். ஓடியது. அதற்குப் பிறகு அந்த வகுப்பு அவளுடையது. அழித்து அடிப்பதெல்லாம் இல்லை. கணக்கு டீச்சர் திரும்பி வந்துவிட்டாள்.

"பிள்ளைக வாயிலருந்தே வர வச்சாக பாத்தீகளா!" என்று தாளாளர் என் தொடையில் தட்டினார். எழுந்து போய், "திங்கக்கெழமையிலருந்து நீங்களே எடுங்க மேடம்" என்றார். இந்த வாக்கியத்தை முடித்துவிட்டார்.

திரும்பி வரும்போது காற்றுக்கு எதிரே ஸ்கூட்டர் மூச்சு வாங்கியது. நான் சொன்னேன், "நல்லவேளை மல்லிகா, தெரிஞ்ச தப்பா வந்துச்சு. வேற எதும் வந்திருந்தா?"

"அதுவா வரலைங்க. நான்தான் வர வச்சேன்."

"என்னது?"

"பயத்துல எப்படியும் ஒரு தப்பு வரத்தான் போகுது. எது வருமோ எது வருமோன்னு நடுங்கிக்கிட்டு நிக்கணுமா? எந்தத் தப்பு வரணும்னு நானே தேர்ந்தெடுத்துக்கிட்டேன். அந்தப் பக்கத்த மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன்."

"அடேங்கப்பா! அந்தப் பிள்ளை கேட்டதும் பேசாம நின்னியே. என்ன நடிப்பு!"

பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள்.

"நடிப்பு இல்லைங்க. நெசமாவே மறந்துபோச்சு. மனப்பாடம் பண்ணது மொத்தமும் போயிருச்சு. ஏதாச்சும் ஒரு பிள்ளை சொல்லிருமான்னுதான் கேட்டேன்."

ஸ்கூட்டர் ஒரு ஆட்டம் ஆடியது. காற்றினால் இல்லை.

இவ்வளவு படித்த நீங்கள் என்னிடம் ஒரு சிபாரிசு எதிர்பார்ப்பீர்கள். எந்தப் புத்தகம் வாங்கலாம்? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். படிக்கப் போகிறவர் கடைக்குப் போகட்டும். கையில் உருப்படியான ஒரு சந்தேகத்தோடு போகட்டும். எழுதியவர் எங்கேயாவது விழுந்திருக்கிறாரா என்று பார்க்கட்டும். ஒரு இடத்திலும் விழாதவரின் புத்தகம் ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர்களுக்கானது. பயம் போய்விடுமா என்றால், போகாது. எங்கே பயப்பட வேண்டும் என்று தெரியும். மற்ற இடங்களில் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

பச்சை அட்டைக்காரரைத் தங்கபாண்டி போடிக்கு எடுத்துப் போய்விட்டான். கடை மேஜையில் வைத்திருக்கிறானாம். சரக்கு வாங்க வருகிறவர்கள் ஒரு தினுசான மரியாதையோடு பார்க்கிறார்களாம்.

இந்தப் பத்தியை அனுப்புவதற்கு முன்னால் மல்லிகாவிடம் காட்டினேன். உள்ளே கம்ப்யூட்டர் விஷயம் இருக்கிறதே, தப்பாகப் போய்விடக் கூடாதே என்ற பயம்தான். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல வரிவரியாகப் படித்தாள். கடைசியில் பேனாவை மூடினாள்.

"தப்பு ஒன்னும் இல்லைங்க. ஆப்ஜெக்ட்னா என்னன்னு பின்னால வெளக்குறேன்னு எழுதியிருக்கீகல்ல... எங்கனங்க?"